எட்டுத் திருகும் ஒரே திசை

காப்பி கொடுக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊரில் எங்களை மனுஷ ஜென்மமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று.

பின்லாந்தில் பகையாளி வாசலில் வந்து நின்றாலும் முதலில் ஒரு கோப்பை காப்பி, அப்புறம்தான் சண்டை. ஹொங்கவாரா வேட்டைச் சங்கத்தின் மரக் கூடத்தில் பானை நிறையக் காப்பி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பதினோரு ஆம்பிளைகள், பதினோரு கோப்பைகள். எங்கள் இரண்டு பேரையும் கதவோரமாகவே நிற்க வைத்து, மழையில் நனைந்த நாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நாயாக இருந்திருந்தாலாவது ஒரு எலும்பு விழுந்திருக்கும்.

என் பெயர் ஆர்வோ. துப்பறியும் ஹெய்குரா அம்மாளுக்கு ஆறு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், பெட்டி தூக்குகிறேன், அவர் கேட்க வேண்டிய கேள்விகளை நான் முந்திக்கொண்டு கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அன்று பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பொருள். முனை வளைந்த வெண்ணெய்க் கத்தி. அதை எதற்கு எடுத்து வந்தோம் என்று கேட்டேன். ரொட்டி கிடைத்தால் தடவிக்கொள்ளலாம் என்றார். ரொட்டி எங்கே கிடைத்தது.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மூஸ் மான் வேட்டையின் முதல் நாள். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்ற ரெய்னோ, எண்பது மீட்டர் தூரத்தில் குதிரையை விட உயரமாக வந்து நின்ற ஒரு கடா மானைக் குறிவைத்துச் சுட்டான். மானுக்கு ஒரு மயிர்கூட உதிரவில்லை. குண்டு அதன் முதுகுக்கு மேலே போய், சதுப்பைக் கடந்து, எதிர்மேட்டில் உட்கார்ந்திருந்த சங்கத் தலைவர் தௌனோவின் வலது தோளில் பாய்ந்தது. தௌனோ பிழைத்துக்கொண்டார். பிழைத்தவர் சும்மா இருந்தாரா? ரெய்னோ மானைச் சுடவில்லை, என்னைத்தான் சுட்டான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே வாக்குமூலம் கொடுத்தார்.

ஊரும் அதையே நம்பியது. வரப்போகும் சங்கத் தேர்தலில் தௌனோவை எதிர்த்து நிற்பதாக ரெய்னோ அறிவித்திருந்தான். போன வாரம் பெட்ரோல் பங்க்கில் நாலு பேர் பார்க்க, இந்த வருஷத்தோடு உன் கதை முடிந்தது என்று வேறு சொல்லிவைத்திருந்தான். வாய் இருக்கிறதே, அதைப் போன்ற சத்துரு மனிதனுக்கு வேறில்லை.

இன்று திங்கட்கிழமை. மதியம் இரண்டு மணிக்குக் கோர்ட். கவனக்குறைவு என்றால் துப்பாக்கி லைசென்ஸ் போகும், அபராதம் விழும். கொலை முயற்சி என்றால் ரெய்னோவின் வாழ்க்கையில் எட்டு பத்து வருஷம் போகும். அவன் மனைவி சைமா நேற்று எங்கள் ஆபீசுக்கு வந்து அழவில்லை, கெஞ்சவில்லை. "அவர் சுட்டா தவறாது. தவறியிருக்குன்னா அது அவர் தப்பில்ல" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கத்தியையும் அவள்தான் கொடுத்தாள்.

கூடத்தில் ஹெய்குரா கேட்டதற்கெல்லாம் பாதி பதில்தான் வந்தது, அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடத்துக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று குண்டு சுட்டுக் குறி சரிபார்த்தார்களாம். ரெய்னோவின் மூன்றும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்ததாகச் சங்க நோட்டிலேயே எழுதியிருந்தது. பிறகு ரைஃபிள்களை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு எல்லாரும் சவுனா என்கிற நீராவி அறைக்குப் போய் வியர்வை வடித்திருக்கிறார்கள். காலையில்தான் அலமாரி திறந்தது.

சாவி யாரிடம் இருந்தது என்று ஹெய்குரா கேட்டார்.

"தலைவர்கிட்ட. வேற யார்கிட்ட இருக்கும்?" என்றான் தாடிக்காரன் ஒருவன். "குண்டு வாங்கினவனையே கேள்வி கேக்க வந்துட்டீங்களா?"

தலைவர் சவுனாவுக்குக் கடைசியாக வந்தாராமே என்று நான் சும்மா ஒரு கல்லை எறிந்து பார்த்தேன். எல்லாருக்கும் காப்பி போட்டுவிட்டு வருவார், பதினேழு வருஷமாக அப்படித்தான் வருவார், உனக்கு என்ன வந்தது என்று நாலு திசையிலிருந்தும் கல் திரும்பி வந்தது.

அந்த நேரத்தில் ஹெய்குரா என்ன செய்தார் தெரியுமா? சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டை மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சுவரில் இன்னொன்று, அதையும் பார்த்தார். மின்சார வேலை யாருடையது என்று கேட்டார். தௌனோ எலக்ட்ரீஷியன் என்றும், இந்த ஊரில் எரிகிற விளக்கெல்லாம் அவர் கை பட்டதுதான் என்றும் தாடிக்காரன் மார்தட்டிச் சொன்னான். ஒருவன் வாழ்க்கை ஊசலாடுகிறது, இந்த அம்மாள் ஸ்விட்ச் விசாரிக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

துப்பாக்கிக் கடை யால்மரி எங்களை உள்ளே விட்டதே, இந்த வழக்கைப் பார்க்கிற போலீஸ்காரர் கூட வந்ததால்தான். ரெய்னோவின் ரைஃபிளைச் சோதித்து அறிக்கை தரச் சொல்லி போலீஸ் அவரிடம்தான் ஒப்படைத்திருந்தது. குறிபார்க்கும் தொலைநோக்கி ஆடவில்லை, திருகுகள் இறுக்கமாக உள்ளன, கோளாறு எதுவும் இல்லை என்று மூன்று வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மூன்று வரிதான் இன்று மதியம் ரெய்னோவின் கழுத்தில் விழப்போகிற சுருக்கு.

"எழுதினது எழுதினதுதான்" என்றார் யால்மரி. "பொம்பள வந்து கேட்டா மாத்தி எழுதுவேன்னு நெனச்சீங்களா?"

மாற்ற வேண்டாம், அந்த ரைஃபிளைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றார் ஹெய்குரா.

யால்மரி அதை மேசை இடுக்கியில் மாட்டி வைத்தார். ரைஃபிளைவிட அதன்மேல் இருந்த வளையங்களைப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம். தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கிற இரண்டு இரும்பு வளையங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. குட்டை வளையம் எடு என்று இவர் தலைபாடாக அடித்துக்கொண்டாராம். ரெய்னோ கேட்காமல் தபாலில் உயர வளையம் வரவழைத்தானாம். மழையில் கண்ணாடி மங்கினால் வளையத்துக்கு அடியில் பழைய இரும்புக் குறியைப் பார்த்துச் சுடலாம் என்பது அவன் கணக்கு.

"உயர வளையம் போட்டா கன்னம் கட்டையில படியாது" என்று யால்மரி உறுமினார். "வேலிக்கு மேல எட்டிப் பாக்குற கோழி மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டுச் சுடணும். சரி, அதையாவது எங்கிட்ட கொண்டுவந்து மாட்டினானா? வீட்டுல, சாப்பாட்டு மேசையில வெச்சு, வெண்ணெய்க் கத்தியால முடுக்கியிருக்கான், பாவி."

ஹெய்குரா என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து சைமாவின் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தேன். முனை வளைந்து, ஓரம் பிசிறு தட்டியிருந்தது. யால்மரி அதைப் பார்த்த பார்வையில், பிணத்தைப் பார்க்கிற துக்கம் இருந்தது.

"இப்ப திருகுங்களப் பாருங்க" என்றார் ஹெய்குரா.

நானும் குனிந்து பார்த்தேன். வளையத்துக்கு நான்காக, எட்டுத் திருகுகள். ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த வெட்டு, கத்தி பட்டுப் பட்டு ஓரம் பிய்ந்திருந்தது. ஆனால் எட்டு வெட்டும் குழலின் போக்கிலேயே, நூல் பிடித்ததுபோல் நேராக நின்றன. ராணுவ அணிவகுப்பு தோற்றது.

இதை நீங்கள் செய்தீர்களா என்று கேட்டார் ஹெய்குரா. யால்மரிக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"நானா? நாப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன். திருகு இறுகுற எடத்துல நிக்கும், அழகுக்கு நிக்காது. நேரா நிறுத்தணும்னு கால் சுத்து பின்னால விட்டா, நாலு குண்டுல கழண்டுரும். இன்னும் கால் சுத்து முடுக்கினா மரை போயிரும். துப்பாக்கி உதைக்கிற உதை தெரிஞ்சவன் எவனும் திருகுக்கு வகிடு எடுத்துச் சீவ மாட்டான்."

"கத்தியால பிச்சவன்?" என்று கேட்டார் ஹெய்குரா.

"அவனா நேரா வைப்பான்? அவன் வீட்டுல இருக்கிற இன்னொரு துப்பாக்கியைப் பாருங்க. திருகெல்லாம் குடிச்சிட்டு வீட்டுக்குப் போற ஆளுங்க மாதிரி ஒண்ணொண்ணு ஒரு பக்கம் பாக்கும்."

"அப்போ ஒரே திருகுல ரெண்டு கை" என்றார் ஹெய்குரா. "ஒரு கை பிச்சது. அதுக்கப்புறம் இன்னொரு கை நேராக்கினது. ரெண்டாவது கை எதுக்காகத் தொட்டுதுன்னு பாத்துடலாமா?"

யால்மரிக்கு இஷ்டமில்லை. திறந்தால் தன் மூன்று வரி என்னாகும் என்கிற பயம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. போலீஸ்காரர்தான் தொண்டையைச் செருமி, திறங்கள், நான் சாட்சி என்றார். அந்த மனுஷன் அதுவரை வாயில் பன்னை அடைத்துக்கொண்டு பேசாமல் நின்றதற்கு அந்த ஒரு வார்த்தையால் பாவ மன்னிப்பு.

முன்வளையத்தில் ஒன்றும் இல்லை. பின்வளையத்தின் மேல்பாதியைக் கழற்றி, தொலைநோக்கியைத் தூக்கினால், அடியில் மெல்லிய தகரத் துண்டு ஒன்று இரண்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்பு வர்ணம். காப்பி டப்பாவில் வெட்டியது.

"வாழ்க. காப்பி டப்பா வெச்சிருக்கிற ஆளத் தேடினா போதும்" என்றேன். "அம்பது லட்சம் பேர்தான். சாயங்காலத்துக்குள்ள விசாரிச்சிரலாம்."

யால்மரி அந்தத் தகரத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். இறுக்கமாக இருக்கிறது என்று எழுதினேன், இறுக்கமாகத்தானே இருந்தது என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டேன். பின்பக்கம் தூக்கினால் தொலைநோக்கியின் மூக்கு தரையைப் பார்க்கும். அப்படியானால் குண்டும் கீழேதானே போக வேண்டும்? மானுக்கு முன்னால் சேற்றில் அல்லவா புதைந்திருக்கும்?

"மர மண்ட" என்றார் யால்மரி. சொந்த அவமானத்தை என்மேல் கொட்ட அவருக்கு ஒரு வழி கிடைத்தது. "கண்ணு தரையைப் பாக்குது. அந்தக் கண்ணால மானப் பாக்கணும்னா என்ன பண்ணுவ? துப்பாக்கியோட மூக்கத் தூக்குவ. குண்டு கண்ணு பாக்குற எடத்துக்குப் போகாதுடா, குழல் பாக்குற எடத்துக்குத்தான் போகும். மான் முதுகுக்கு மேல போயிரும்."

ஹெய்குரா என் தோளைத் தட்டினார். "ஆர்வோ, ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான் நீ உபயோகமா ஒரு முட்டாள்தனம் பேசியிருக்க."

எனக்குப் பாராட்டா திட்டா என்று புரியவில்லை. தகரம் எந்த வளையத்தில் இருந்தது என்பதை இந்த அறையைத் தாண்டி ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மணி பதினொன்றரை.

தௌனோ ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருந்தார். வலது தோள் முழுக்கக் கட்டு. அறுபது வயசுக்கு மழமழவென்று சவரம் செய்து, போர்வையை மடிப்புக் கலையாமல் இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். மேசைமேல் கண்ணாடி, கடிகாரம், பேனா மூன்றும் வரிசை பிசகாமல் இருந்தன.

"ரெய்னோவோட பொண்டாட்டி அனுப்பின ஆளுங்களா?" என்றார். "வந்த வழியே போங்க."

போலீஸ்காரர் பின்னால் வந்ததால் நாங்கள் வந்த வழியே போகவில்லை. ஹெய்குரா உட்காரவும் இல்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, பேசிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் இருந்த ஸ்விட்ச் தகட்டின் மேல்திருகை மெல்லத் திருப்பினார். நேராக நின்ற வெட்டு சாய்ந்துவிட்டது. பிறகு இரண்டடி நகர்ந்து நின்றார். எங்கள் அம்மாளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன்.

முதலில் சாதாரணக் கேள்விகள். தௌனோ ஒவ்வொன்றையும் வெட்டி எறிந்தார். ரெய்னோ திமிர் பிடித்தவனாம். ஒன்பது வருஷமாக முதல் மானை அவன்தான் வீழ்த்துகிறானாம், அந்தக் கொழுப்பாம். முதல் மானைத் தவறவிட்டவனை இந்த ஊரில் ஒரு நாயும் தலைவனாக ஏற்காதாம். பேச்சு இப்படி நெருப்பாக வந்தது. ஆனால் கண் மட்டும் ஹெய்குராவிடம் நிற்கவில்லை. போய்ப் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பியது. நான் பார்த்தேன், போலீஸ்காரரும் பார்த்தார்.

"ஒரு புது விஷயம்" என்றார் ஹெய்குரா. "ரெய்னோ துப்பாக்கியைப் பிரிச்சுப் பாத்தோம். தொலைநோக்கி வளையத்துல யாரோ தகரம் வெச்சிருக்காங்க."

தௌனோவின் உதடு கோணியது.

"நல்லதாப் போச்சு. அதுவே எனக்குச் சாட்சி. தகரம் இருந்தா குண்டு மண்ணுக்குள்ளல்ல போயிருக்கணும்? எனக்கு எப்படி வந்துச்சு? என்னையே குறி வெச்சுச் சுட்டாத்தான் வரும்."

காலையில் கடையில் நான் பேசிய அதே முட்டாள்தனம், வார்த்தை மாறாமல்.

"எந்த வளையம்னு நான் சொல்லலையே" என்றார் ஹெய்குரா. "முன்னால வெச்சிருந்தா ஒரு மாதிரி, பின்னால வெச்சிருந்தா ஒரு மாதிரி. பக்கவாட்டுல வெச்சா இடமோ வலமோ போகும். நாலு திசை இருக்கு, தலைவரே. கேட்ட நொடியில உங்களுக்கு மட்டும் மண்ணுதான் ஞாபகம் வந்துது. அந்தத் தகரம் குண்ட மண்ணுக்கு அனுப்பும்னு நம்பின ஆள் உலகத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும். அத அங்க வெச்சவர்."

தௌனோ இடது கையால் போர்வையின் மடிப்பை நீவிவிட்டார்.

"பின்வளையத்துலதான் இருந்துச்சு. ஆனா அது குண்ட மேல தூக்கும். யால்மரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பார். கேக்க முடியாத கேள்வி, பாவம். அதோட இன்னொரு பழக்கம் உங்களுக்கு. சவுனாவுல எல்லாரும் உக்காந்திருக்க, காப்பி கொதிக்கிறதுக்குள்ள அவசரமா எட்டுத் திருகக் கழட்டி மாட்டினீங்க. அந்த அவசரத்துலயும் எட்டையும் நேரா நிறுத்தாம கை வரல. உங்க கூடத்துல இருக்கிற ஒவ்வொரு ஸ்விட்ச்சும் அப்படித்தான் இருக்கு. சுவர்ல இருக்கிற திருகு உதை வாங்காது, அதனால அழகா நிக்கலாம்."

தொட்டில் பழக்கம் என்பார்களே, அது சுடுகாடு வரைக்கும் போக வேண்டியதில்லை, ஆஸ்பத்திரி வரைக்கும் போனாலே போதும்.

தௌனோ மறுக்கவில்லை. குரலில் வருத்தம் ஒரு சொட்டு இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"யாரையும் கொல்றதுக்கு இல்ல. அவன் ஒரு தடவ தவறணும். ஊர் முன்னால, ஒரே ஒரு தடவ."

"யார் எங்க நிக்கணும்னு பிரிச்சுக் குடுத்தது நீங்கதானே?" என்று நான் கேட்டேன். கேட்கக்கூடாதுதான், அடக்க முடியவில்லை. "போயும் போயும் ரெய்னோவுக்கு நேர் எதிர்மேட்ட எதுக்கு எடுத்துக்கிட்டீங்க? அங்க மான் வராதே."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு வெறுப்பை நான் ஒரு நோயாளியின் கண்ணில் பார்த்ததில்லை.

"அங்கேருந்துதான் அவன் மூஞ்சி தெரியும்" என்றார்.

போலீஸ்காரர் எல்லாவற்றையும் எழுதி, தௌனோவின் இடது கையால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போன் செய்ய ஓடினார். மணி பன்னிரண்டு நாற்பது. சைமாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று ஹெய்குராவும் கிளம்பிவிட்டார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் தொட்டபோது பின்னால் குரல் கேட்டது.

"தம்பி."

திரும்பினேன். தௌனோ தலையணையில் நிமிர முயன்று, முடியாமல், வலியில் பல்லைக் கடித்தார். இடது கையால் சுவரைக் காட்டினார்.

"அந்த ஸ்க்ரூ கோணலா இருக்கு. போறப்ப நேராக்கிட்டுப் போ."

இரண்டு நாளாக ஒருவன் செய்யாத குற்றத்துக்கு லாக்கப்பில் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி கண்ணீர் விடக்கூட நேரமில்லாமல் வெண்ணெய்க் கத்தியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். இந்த மனுஷனுக்குக் கோணலாகத் தெரிவது அந்தத் திருகு ஒன்றுதான். அந்தக் கத்தி என் கையில் இருந்த பெட்டிக்குள்தான் இருந்தது, கால் சுற்று திருப்பினால் போதும்.

விளக்கை மட்டும் போட்டேன், திருகு அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.